ஊசி இலவசம், அன்றைய கூலி?

நான்கு புதன்கிழமைகள்! சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளியின் குழந்தையானாலும், ராஜபாளையம் பஞ்சாலைத் தொழிலாளியின் குழந்தையானாலும், கரிசல்காட்டுக் கூலி விவசாயியின் குழந்தையானாலும், ஒரு வயதுக்குள் ஊசி போட நான்கு முறை தூக்கிச் செல்ல வேண்டும். பிறந்த 6, 10, 14-வது வாரங்கள். பிறகு 9-வது மாதம்.

எதற்காக? பச்சிளங் குழந்தைகளை நிமோனியாவாலும் மூளைக்காய்ச்சலாலும் கொல்லும் கிருமிகளில் ஹிப், நியூமோகாக்கஸ் என்ற இரண்டும் கொடியவை. சர்க்கரைச் சத்தாலான போர்வையைப் போர்த்திக்கொண்டு வருபவை. இரண்டு வயது நிரம்பாத குழந்தையின் உடல் அந்தப் போர்வையைக் கண்டு விழித்துக்கொள்வதில்லை. போர்வையை மட்டும் ஊசியில் ஏற்றினாலும் பயனில்லை.

விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? ரணஜன்னி, தொண்டை அடைப்பான் நஞ்சுகளின் விஷத்தை நீக்கிய புரதத்தோடு அந்தச் சர்க்கரையைப் பிணைத்தார்கள். புரதத்தைக் கண்டு விழிக்கும் உடல், போர்வையையும் அடையாளம் வைத்துக்கொள்கிறது. பின்னர் நிஜக் கிருமி வந்தால் எதிர்த்து அழிக்கிறது. தனியாக முறையிட்டால் போர்மேன் காதில் ஏறாது. சங்கமாகச் சேர்ந்து நின்றால் ஏறும். அதே கதைதான்!

அமெரிக்காவில் 2000-த்தில் வந்த நியூமோகாக்கஸ் ஊசி, தமிழ்நாட்டு ஏழைக் குழந்தைக்கு இலவசமாகக் கிடைத்தது 2021 ஜூலையில்! அதுவரை தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் பணம் கட்ட முடிந்தவர் பிள்ளைக்கே அது கிடைத்தது. ஹிப் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி இங்கே சர்க்கார் திட்டத்தில் சேர்ந்தது 2011 டிசம்பரில். அமெரிக்கத் தடையின் நெருக்கடியிலும், ஹவானா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஹிப் ஊசிக்கான சர்க்கரையை ரசாயனக்கூடத்திலேயே உருவாக்கினர். கியூபா 2004-லேயே அதைத் தன் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. சின்னஞ்சிறு தேசத்தால் முடிந்தது, இங்கே ஏன் தாமதித்தது?

இன்று ஊசிக்குக் காசு இல்லை. ஆனால் புதன்கிழமை வேலை நாளாயிற்றே! உருப்படிக் கணக்கில் கூலி வாங்கும் தாய் குழந்தையைத் தூக்கிச் சென்றால் அன்றைய கூலி போகிறது. பிள்ளையா, அடுப்பா என்று அவளைத் தவிக்க விடுவது நியாயமா?

எனவே நாம் கேட்கிறோம்: நான்கு நாட்களுக்கும் கூலியோடு விடுப்பு வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் மாலையும் ஊசி போட ஏற்பாடு வேண்டும்.

தோழர்களே! கோரிக்கை வெல்லும்வரை குழந்தை காத்திருக்க முடியாது. ஊசி போட்ட இரவு லேசாகக் காய்ச்சல் வந்தால் அஞ்சி அடுத்த தவணையை விட்டுவிடாதீர்கள். தவணை தவறியிருந்தால் அட்டையுடன் நர்ஸம்மாவிடம் போய்க் கேளுங்கள். பக்கத்து வீட்டுத் தாய் வேலைக்குப் போயாக வேண்டுமென்றால், அவள் குழந்தையையும் சேர்த்துத் தூக்கிச் செல்லுங்கள். அதுவும் சங்க வேலையே!