நெஞ்சறையில் ஓர் இடுக்கு

ரயிலில் தாம்பரம் செல்லும் நேயர்களுக்கு ‘ஸானடோரியம்’ என்னும் ரயில் நிலையம் தெரிந்ததே. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து க்ஷயரோகிகளுக்கென ஸ்தாபித்த வைத்தியசாலையினால் வந்த பெயர் அது. அந்நாளில் அவ்வியாதிக்குக் கைகண்ட மருந்து கிடையாது. நல்ல காற்றும் ஆகாரமும் ஓய்வுமே சிகிச்சை. ஆனால் கணமும் ஓயாமல் விரிந்து சுருங்கும் நுரையீரலுக்கு ஓய்வளிப்பது எங்ஙனம்?

நம் உடலின் நடுவே உதரவிதானம் என்ற தசைத்திரை இருக்கிறது. அதன் கீழே வயிற்றறையில் இரைப்பை, கல்லீரல், குடல் முதலியன. மேலே நெஞ்சறையில் இருதயமும் இரு நுரையீரல்களும். ஒவ்வொரு நுரையீரலையும் இரட்டைச் சவ்வு சூழ்ந்திருக்கிறது. அச்சவ்வுகளின் இடுக்கில் சிறிது நீரைத் தவிர வேறொன்றுமில்லை. அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனாலேயே நுரையீரல் சுருங்கிப் போகாமல் நிற்கிறது.

அவ்விடுக்கில் ஊசியால் காற்றைப் புகுத்தினால் புண்பட்ட நுரையீரல் சுருங்கி ஓய்வு பெறும் என்று 1882-ல் இத்தாலிய வைத்தியர் போர்லானினி சொன்னார். பல தேசங்களிலும் இம்முறை பரவிற்று. புகுத்திய காற்றை உடல் உறிஞ்சிவிடுமாதலால், நோயாளி சில வாரங்களுக்கொரு முறை, வருஷக்கணக்காக, விலாவை ஊசிக்குக் காட்டவேண்டும். அந்தப் பொறுமையை நினைத்தால் நமக்கு நெஞ்சடைக்கிறது.

ஸ்ட்ரெப்டோமைஸின் முதலிய மருந்துகள் வந்தபின் அந்த ஊசி ஓய்ந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியோ, வீட்டாரைப் பிரியாமலே மருந்துண்பவரும் ஸானடோரியத்தில் இருப்பவரைப் போல ஏறக்குறைய அவ்வளவு பேர் குணமடைவர் என்று காட்டிற்று.