தந்தையாருடன் ஒரு பலகைப் பாதையில்

கொழும்பிலுள்ள மக்களோடு சில நாள் தங்கியிருக்க ஊரிலிருந்து வரும் பெற்றோருக்குப் பொழுது போவது எளிதன்று. முற்றம் இல்லை, கிணறு இல்லை, படலையடியில் நின்று கதைக்க அயலவர் இல்லை. மகனும் மருமகளும் அலுவலகத்துக்கும் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்றபின், நாலாம் மாடி யன்னலே அவர்களுக்கு உலகமாகி விடுகின்றது. ஞாயிறு வந்தாற் கடற்கரைக்கு அழைத்துச் செல்வோம், அங்கோ சனநெரிசல். ஆதலால் இவ்வாரம் நேயர்களுக்கு வேறோர் இடத்தைச் சொல்ல விரும்புகின்றோம்.

கோட்டேயை அடுத்துள்ள பெத்தகான ஈரநிலப் பூங்கா 18 ஹெக்டேயர் பரப்புடையது. சேற்றுக்கும் நீருக்கும் மேலாகப் பலகைப் பாதை அமைத்திருக்கின்றார்கள். கால் வலுவுள்ள இளைஞர் விரைவிற் சுற்றி வந்து விடுவர். எம் தந்தையாருடன் சென்றபோது எமக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதனால் நாம் இழந்தது ஒன்றுமில்லை; விரைந்து நடப்பவர் கண்ணுக்குச் சதுப்பு நிலம் வெறும் புல்லும் சேறுமேயாம்.

முதியோருடன் பலகைப் பாதையில் நடப்பதற்கு ஒரு முறை உண்டு. இருபார்வைக் கண்ணாடி அணிந்தோர்க்குக் குனிந்து பார்க்கும்போது பலகையின் இடைவெளி மங்கித் தோன்றும். படி இருப்பதாக மயங்கிக் காலைத் தூக்குவர். ஆகவே நடக்கும்போது பேச்சுக் கொடுத்தலாகாது. நின்று பேசுக, பேசி முடித்து நடக்க. மழை பெய்த மறுநாளிற் பலகை வழுக்குமாதலின் ரப்பர்ச் செருப்பை வீட்டில் விட்டுவிடுவது நன்று. கையைப் பிடித்து இழுத்துச் செல்வதைத் தன்மானமுள்ள எந்தத் தகப்பனும் விரும்பமாட்டார். அரையடி பின்னால் நடந்தாற் போதும்.

வெயில் ஏறுமுன் சென்றமையாற் பறவைகளைக் கண்டோம். கானாங்கோழியைத் தந்தையார் எமக்கு முன்னரே அடையாளங் கண்டார். மிதக்கும் இலைகளின்மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடந்தது இலைக்கோழி. அவ்வினத்திற் பெட்டை முட்டையிட்டுவிட்டு அகன்றுவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் சேவலின் கடன். இதனைச் சொன்னபோது, “கொம்மா இதைக் கேட்டிருக்க வேணும்” என்று சிரித்தார். அன்னமுன்னா போலக் காய்த்து நின்ற மரங்களைக் கண்டு மகிழ்ந்தார். அவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, உள்ளூர்ச் செடிகளை நெருக்கிச் சதுப்பெங்கும் பரவிய காட்டினம் என்றறிந்ததும் அம்மகிழ்ச்சி போய்விட்டது.

இவ்விடத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பழைய தொடர்பொன்று உண்டு. 14 ஆம் நூற்றாண்டில் அழகக்கோனார் ஆரியச்சக்கரவர்த்தியின் படைகளைத் தடுப்பதற்காகவே இங்குக் கோட்டை கட்டுவித்தார். சூழ்ந்திருந்த சதுப்பு நிலமே அதற்கு அரண்.

அன்று படையைத் தடுத்த சேறு இன்று வெள்ளத்தைத் தாங்குகின்றது. பெருமழையை ஏந்தி வைத்து மெல்ல மெல்லக் கடலுக்கு விடுவது இந்நிலத்தின் தொழில். மேடாக்க மேடாக்க அந்நீர் தெருவுக்கு வரும். 2010 நவம்பரிற் பெய்த மழையிலே, அண்மையிலுள்ள பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. 2018 இல் ராம்சார் மாநாட்டில் ஈரநில நகரங்களென முதன்முதல் ஏற்கப்பட்ட 18 நகரங்களுட் கொழும்பும் ஒன்றாயிற்று.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தந்தையார், “இது எங்கடை தரவைதான்” என்றார். பின்னர், ஒரு கிழமையாக எம்மிடம் சொல்லாது வைத்திருந்த செய்தியைச் சொன்னார். ஊரில் எம் வீட்டின் பின்னாலுள்ள பள்ளக்காணியை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கின்றாராம். மண் கொட்டி நிரப்பி வீடு கட்டுவது அவர் எண்ணம்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறி, உவர் நீரின்மேல் மிதந்து நிற்கும் மழைநீரே எம் கிணறுகளின் நன்னீர். கார்த்திகை மழை தேங்கி நிலத்தினுள் இறங்குவதற்குக் குளமும் தரவையும் வேண்டும்.

“பள்ளத்தை நிரப்பினால் எங்கடை கிணறு மட்டுமில்லைத் தம்பி, பக்கத்து வீட்டுக் கிணறும் உவராப் போகும். ஆனால் தங்கச்சியின்ரை வீட்டுவேலை அரைவாசியிலை நிக்குது. அவளுக்கு நான் என்ன சொல்லுறது?”

எமக்கும் உடனே விடை தோன்றவில்லை. நாலாம் மாடி வீட்டில், தொலைக்காட்சி ஒலிக்கும் கூடத்தில் இருந்திருந்தால் அவர் இதனைச் சொல்லியிருக்க மாட்டார் என்பது மட்டும் தெரிந்தது. வெகுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நீர்க்காகம் மூழ்கியெழுந்து, முளைக்கட்டையொன்றில் ஏறிச் சிறகை விரித்து உலர்த்திற்று.

அன்றிரவே தங்கையுடன் தொலைபேசியிற் பேசினோம். வீட்டுவேலைக்கு எம்மால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கணக்குப் பார்த்தோம். முழுவதும் முடியாது, கூரை வரைக்கும் முடியும். தந்தையார் மறுநாள் இரவு புகையிரதத்தில் ஊருக்குப் புறப்பட்டார். காணி இன்னும் விற்கப்படவில்லை. விலை கேட்டவர் தை பிறந்தபின் மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கின்றாராம்.