ஐம்பதுக்கு மேல் கடை திறப்பவருக்கு உளவியல் என்ன தரும்?

பணி ஓய்வு விழாவில் மாலை மரியாதை முடிந்ததும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "சார், இனிமே சொந்தமா ஏதாவது பண்ணுங்க. பாசிட்டிவா இருங்க, எல்லாம் தானா நடக்கும்." முதல் பாதி நல்ல யோசனையாக இருக்கலாம். இரண்டாம் பாதிதான் ஆளைக் கவிழ்ப்பது. இப்போது அதற்குத் துணையாக ஒரு படிப்பின் பெயரும் சேர்ந்துகொண்டது. நேர்மறை உளவியலில் பட்டயமும் முதுகலையும் இருக்கின்றன. நடுவயதைக் கடந்தவர்களும் சேர்கிறார்கள். சிலர் படித்த கையோடு தொழிலும் தொடங்குகிறார்கள். அந்தப் படிப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே இல்லை என்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. போடப்போகும் முதல் பெரும்பாலும் பி.எஃப். பணம்.

நல்லதை நினைத்தால் நல்லது நடக்கும் என்பது நேர்மறைச் சிந்தனை. அமெரிக்கப் பாதிரியார் நார்மன் வின்சென்ட் பீல் 1952இல் எழுதிய புத்தகம் அதை உலகெங்கும் பரப்பியது. தமிழில் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' பல இளைஞர்களுக்குத் தெம்பு கொடுத்தது. அவை ஊக்க எழுத்துகள். நிரூபித்துக் காட்டு என்று அவற்றை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. நேர்மறை உளவியலின் பிறப்பு வேறு. 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன், மனநோயை இத்தனை காலம் ஆராய்ந்த நாம், நன்றாக வாழ்கிறவர்களை ஏன் அதே கண்டிப்போடு ஆராயக் கூடாது என்று கேட்டார். அதாவது ஒரு பயிற்சி மகிழ்ச்சி தருகிறது என்று சொன்னால், அதைச் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

அப்படிச் சோதித்ததில் சில நின்றன. அன்றன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை, அவை ஏன் நடந்தன என்ற காரணத்தோடு இரவில் எழுதி வைக்கும் பயிற்சியை ஒரு வாரம் செய்தவர்களிடம் ஆறு மாதம் வரை பலன் தெரிந்ததாக செலிக்மனும் கூட்டாளிகளும் 2005இல் எழுதினார்கள். பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியவர்கள், இத்தகைய பயிற்சிகளால் பலன் உண்டு, ஆனால் சிறியது என்கிறார்கள். சிறிய பலனும் பலன்தான், காசு செலவில்லை, செய்துவிட்டுப் போகலாம். ஆனால் கடையில் கூட்டம் சேர்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்தத் துறைக்கும் வியாபாரத்துக்கும் நடுவே நடந்த ஒரு கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2005இல் பார்பரா ஃபிரெட்ரிக்சன் என்ற புகழ்பெற்ற உளவியலாளரும், மார்சியல் லோசாடா என்ற நிறுவன ஆலோசகரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் மனத்தில் எழும் நல்ல உணர்வுகளை எதிர்மறை உணர்வுகளால் வகுத்தால் வரும் எண் 2.9013ஐத் தாண்ட வேண்டும். தாண்டினால் மலர்ச்சி, தாண்டாவிட்டால் வாட்டம். மேலே 11.6346 என்று ஓர் உச்சவரம்பும் உண்டு. லோசாடா இதற்கு முன் கம்பெனி நிர்வாகக் குழுக்களின் கூட்டங்களில் யார் பாராட்டினார், யார் குறை சொன்னார் என்று எண்ணிப் பார்த்தவர். ஆகவே நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் இந்த விகிதம் தடையில்லாமல் புகுந்தது. மூன்று பாராட்டுக்கு ஒரு கண்டிப்பு என்று சுருக்கிச் சொல்லவும் வசதி.

நிக் பிரவுன் என்ற ஆங்கிலேயர் ஸ்ட்ராஸ்பர்கில் ஒரு சர்வதேச அமைப்பின் கணினித் துறையில் பல வருடம் வேலை பார்த்தவர். ஐம்பதை ஒட்டிய வயதில் கிழக்கு லண்டன் பல்கலைக்கழகத்தில் நேர்மறை உளவியல் முதுகலைக்குப் பகுதிநேர மாணவராகச் சேர்ந்தார். 2011இல் வகுப்பில் இந்த விகிதம் பாடமாக வந்தது. திரையில் பட்டாம்பூச்சி வடிவில் ஒரு வரைபடம். பிரவுனுக்கு அது உறுத்தியது. மனித உணர்வை நான்கு தசம இடம் வரை துல்லியமாக அளந்தது யார், எதை வைத்து? தேடிப் பார்த்தால், சமன்பாடுகள் எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் காற்றும் திரவமும் சூடாகிச் சுழல்வதை விளக்க எழுதியவை. அவற்றில் போடும் எண்களைக்கூட அந்தத் திரவக் கணக்கிலிருந்தே அப்படியே எடுத்திருந்தார்கள். அந்த எண்களை மாற்றினால் விடையும் மாறும். மனிதர்களை அளந்ததிலிருந்து அந்த 2.9013 வரவே இல்லை.

கணிதத்தில் தனக்கு இன்னும் பலமான துணை வேண்டும் என்று பிரவுன் இயற்பியலாளர் ஆலன் சோகலுக்கு எழுதினார். உளவியலாளர் ஹாரிஸ் ஃபிரீட்மனும் சேர்ந்துகொண்டார். மூவரின் கட்டுரை 2013இல், முதல் கட்டுரையை வெளியிட்ட அதே 'அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்' இதழில் வந்தது. முதல் கட்டுரையின் கணிதப் பகுதி திரும்பப் பெறப்பட்டது. நல்லுணர்வுகள் கூடுதலாக இருப்பது நல்லது என்ற பொதுவான கருத்தை ஃபிரெட்ரிக்சன் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு வேறு ஆதாரங்கள் இருக்கின்றன என்றார். அது இருக்கட்டும். நான் இங்கே கவனிப்பது எட்டு வருடக் காலத்தை. அத்தனை பேராசிரியர்களும் ஆலோசகர்களும் மேற்கோள் காட்டியதை, வேலை அனுபவத்தோடு வந்த ஒரு முதுகலை மாணவர் வகுப்பிலேயே சந்தேகித்தார். வயது போன பிறகு படிக்க வருகிறவரிடம் இருக்கும் சொத்து இதுதான்: வழவழப்பான படம் காட்டினால் எளிதில் மயங்காத கண். தொழில் தொடங்கும்போதும் அதே கண் வேண்டும். ஊக்கப் பேச்சுகள் முதலில் மூடச் சொல்வது அதைத்தான்.

வயது தடையா என்ற கேள்விக்கு ஓரளவு தெளிவான பதில் உண்டு. பியர் அசூலே உள்ளிட்ட நான்கு பொருளாதார அறிஞர்கள், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் பதிவுகளிலிருந்து 27 லட்சம் நிறுவனர்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். ஓர் ஆளையாவது வேலைக்கு வைத்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது ஏறக்குறைய 42. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான நிறுவனங்களில் அது 45. ஐம்பது வயதில் தொடங்குகிறவர் அப்படி வளரும் வாய்ப்பு முப்பது வயதில் தொடங்குகிறவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கல்லூரி விடுதியில் கம்பெனி பிறக்கும் கதைகளுக்குப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் இந்தத் தகவலை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடுவதற்கு முன் இன்னொரு முடிவையும் படிக்க வேண்டும்: அதே தொழிலில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்குத்தான் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. நரை தனியாக எதையும் கொடுத்துவிடவில்லை.

கே.எஃப்.சி. தொடங்கிய கர்னல் சாண்டர்ஸ் கதையையும் நம்மவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். கையில் ஒன்றுமில்லாத கிழவர் அறுபத்தைந்து வயதில் கோழி வறுக்கத் தொடங்கினாராம். அவர் கென்டக்கியின் கார்பின் ஊரில் சாப்பாடு போட ஆரம்பித்தது 1930இல். பிரஷர் குக்கரில் கோழி பொரிக்கும் முறைக்கு வந்தது 1939இல். தன் முறையை முதன்முதலாக இன்னொரு உணவகத்துக்கு உரிமம் கொடுத்தது 1952இல். புதிய நெடுஞ்சாலை ஊரை ஒதுக்கிக்கொண்டு போனதால் 1956இல் கடையை விற்றார்; அப்போது வயது அறுபத்தைந்து. நம்பிக்கை இருந்தது உண்மைதான், கூடவே கால் நூற்றாண்டு அடுப்படியும் இருந்தது.

இனி நம் ஊர்க் கணக்கு. அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவர் டிபன் கடை வைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 15,000, மாஸ்டருக்கு 25,000, உதவியாளுக்கு 12,000, கரண்டும் தண்ணீரும் 8,000. சரக்கு வாங்குவதற்கு முன்பே மாதம் 60,000 ரூபாய் போகிறது. ஒரு பிளேட்டில் சரக்குச் செலவு போக 20 ரூபாய் நிற்கிறது என்றால் மாதம் 3,000 பிளேட், நாளுக்கு 100 பிளேட் ஓடினால்தான் கையைக் கடிக்காது. அவருடைய சொந்த உழைப்புக்கு இன்னும் கூலி போடவில்லை. அந்தத் தெருவில் நாளுக்கு 100 பேர் வருவார்களா என்பதைக் காலை ஏழு மணிக்கு எதிர்க் கடை வாசலில் நின்று எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உளவியலுக்கும் இங்கே சொல்ல ஒன்று உண்டு. கேப்ரியல் எட்டிங்கன் பல வருடம் செய்த ஆய்வுகளில், நினைத்தது நடந்துவிட்டதாகக் கனவு காண்பதோடு நின்றவர்கள் குறைவாகவே சாதித்தார்கள். விரும்பியதையும் அதன் குறுக்கே நிற்கும் தடையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்கள் அடுத்த அடியைச் சரியாக வைத்தார்கள், முடியாததைக் காலத்தோடு கைவிடவும் செய்தார்கள். சாரஸ் சரஸ்வதி என்ற மேலாண்மை அறிஞர் 27 தேர்ந்த தொழில்முனைவோரை ஆராய்ந்து கண்டதும் இதற்கு அருகில் வருகிறது: எவ்வளவு வரும் என்பதைவிட, போனால் எவ்வளவு வரை தாங்கலாம் என்பதை அவர்கள் முதலில் முடிவு செய்துகொள்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில் இந்த இரண்டாவது கேள்வியை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். மகள் கல்யாணத்துக்கு வைத்த பணம் முதலீட்டில் சேருமா, சேராதா என்பதைக் கடை திறந்த பிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

கடைசியாக, நேர்மறை உளவியலையே தொழிலாக்க நினைப்பவர்கள். பயிற்சி வகுப்பு நடத்தலாம், தனிநபர் கோச்சிங் கொடுக்கலாம், தடையில்லை. ஆனால் பட்டயம் பெற்றவர் மனநல சிகிச்சை தர முடியாது. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகச் செயல்பட, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். தூக்கமில்லாமல், வாழப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொல்லி அனுப்பக் கூடாது. அன்றைக்கே மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். மற்றபடி முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்திய தலைமையாசிரியை ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க இறங்கினால் தாராளமாகப் பிழைத்துக்கொள்வார். அவரைக் கூப்பிடப் போகிறவர்கள் சான்றிதழைக் கேட்பார்களோ என்னவோ, அவர் வேலை பார்த்த பள்ளிக்கு போன் போட்டு நிச்சயம் விசாரிப்பார்கள்.