யாருடைய புலன்களுக்கு?

கட்டிடக்கலை கண்ணுக்கு மட்டும் உரிய கலையன்று. செவியும் மூக்கும் தோலும் அதனை அனுபவிக்கின்றன என்னும் வாதம் நமது கலைச் சபைகளில் பெரிதும் அடிபடுகிறது. பின்லாந்துக் கட்டிடக் கலைஞர் யுஹானி பல்லாஸ்மா 1996இல் வெளியிட்ட நூலொன்று இவ்வாதத்தினருக்கு வேதமாகிவிட்டது. வாதம் பிழையானதன்று. நாம் கேட்பது வேறு: யாருடைய செவி? யாருடைய தோல்?

ஜெப்ரி பாவாவின் ஆற்றலை மறுப்பது மடமை. மழையின் ஓசைக்கும் முற்றத்தின் ஈரத்துக்கும் வீட்டினுள் இடம் கொடுத்தவர் அவர். 1994இல் தம்புள்ளைக்கு அருகே அவர் அமைத்த கண்டலம ஹோட்டலில் மலைப்பாறையே கட்டிடத்தினுள் வந்து நிற்கிறது. ரசிகர்கள் மெய்சிலிர்க்கின்றனர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்திலும் மலை உள்ளே வந்தது. லயங்களை மூடிப் புதைத்தது. அதனைக் கட்டிடக்கலையின் விடயமாக நமது ரசிகர் எவரும் எடுத்துப் பேச நான் கேட்டதில்லை.

லயம் மட்டும் கட்டிடக்கலை அல்லவோ? துரைமார் அதனைத் திட்டமிட்டே கட்டினார்கள். நிரை நிரையாகக் காம்பராக்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஓர் இஸ்தோப்பு. பல லயங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஆகவே தொங்கற் காம்பராக் குழந்தையின் இருமல் அடுத்த காம்பராவில் அயர்ந்து உறங்குபவனையும் எழுப்பும். கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலிற் பேசுவதற்கும் அயலார் சாட்சி. தகரக் கூரை பகலிற் கொதிக்கும். இரவிற் பனி சொட்டும். பெருமழையில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேளாது. விறகுப் புகை போக வழியின்றிக் கண்ணிலும் நெஞ்சிலும் பள்ளிப் பிள்ளையின் வெள்ளைச் சீருடையிலும் படியும். (அந்த மணத்தைக் கொண்டே ஒரு மாணவனைக் கடைசி வாங்கில் இருத்தும் ஆசிரியர் நம்மிடையே இல்லையென்று சத்தியஞ் செய்ய யார் துணிவார்?)

குன்றின்மேல் துரை பங்களாவிலோ கணப்படுப்பு, புற்றரை, பள்ளத்தாக்கை நோக்கிய சாளரம். இரண்டையும் கட்டியது ஒரே கணக்குப் புத்தகம். அப்பங்களாக்களிற் சில இன்று உல்லாசப் பயணிகளின் விடுதிகள். அங்கே விறகுப் புகையின் மணத்துக்கும் விலையுண்டு.

நம்மவர்மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. "முதலிற் கூரை, அழகெல்லாம் பிறகு" என்ற பேச்சை நமது மேடைகளிலேயே கேட்டிருக்கிறேன். அழகு மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு என எண்ணும் இந்த முற்போக்கு, தோட்டத்துரையின் பழைய கணக்கையே வேறு குரலிற் சொல்கிறது: உழைப்பவனுக்கு உடம்புண்டு, புலன் இல்லை. 2015க்குப் பின்னர் 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் எழத் தொடங்கின. பெரும் போராட்டத்தின் பயன் அது, அதைச் சிறுமைப்படுத்தேன். ஆயினும் கட்டியவை எத்தனை, கட்டாதவை எத்தனை என்று எண்ணுவதோடு நமது அக்கறை ஓய்ந்துவிடுகிறது.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை வரைபடத்தோடு பொறியியலாளர் வரும்போது அதனை விரிக்கச் சொல்லுங்கள். அடுப்புப் புகை எவ்வழியாற் போகும்? சுவர் கூரையைத் தொடுகிறதா? மேலே நிற்கும் மலைச்சரிவைப் பரிசோதித்தவர் யார்? மழையிரவில் பிள்ளை வாசிக்கும் குரல் தாய்க்குக் கேட்குமா? நாளெல்லாம் நனைந்து கொழுந்து பறித்து வருபவள் குளிர்காய்வது எந்த மூலையில்?