மணிப்பூர்: பேச்சுக்கும் முறை உண்டு

தில்லி லாஜ்பத் நகரில் 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த மாணவர்கள் ஜந்தர் மந்தரில் ஒன்றாகத் திரண்டனர். முகத் தோற்றத்தைச் சுட்டி இழிவுபடுத்தும் நிறவெறிக்கு எதிராக அவர்கள் எழுப்பிய குரலின் விளைவாகவே மத்திய அரசு பெஸ்பரூவா குழுவை அமைத்தது. ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 2023-இல் அதே ஜந்தர் மந்தரில் மணிப்பூரின் மைதேயி சமூகத்தினரும் குகி சமூகத்தினரும் தனித்தனியே ஆர்ப்பாட்டம் நடத்தினர். ஒவ்வொரு தரப்பும் தன் துயரத்தை மட்டுமே எடுத்துரைத்தது. மற்றவரின் துயரத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை.

2023 மே 3-ஆம் தேதி தொடங்கிய மணிப்பூர் கலவரத்தில் 260-க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். சுமார் 60 ஆயிரம் பேர் வீடிழந்தனர். அரசின் ஆயுதக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் சூறையாடப்பட்டன. இவை எல்லோரும் அறிந்த செய்திகள். அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்று உண்டு. அது இரு சமூகத்தாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் வழியே அற்றுப்போனது. பள்ளத்தாக்கில் குகிகள் இல்லை, குகி மலைப் பகுதிகளில் மைதேயிகள் இல்லை என்ற நிலை சில நாள்களிலேயே உருவாகிவிட்டது. இடையே மத்தியப் படைகள் காவல் நின்றன. சுராசாந்த்பூரிலிருந்து இம்பால் விமான நிலையத்துக்குச் செல்ல முடியாத குகி நோயாளிகளும் மாணவர்களும் மலைச்சாலையில் மிசோரமின் ஐஸாலுக்குச் சென்று விமானம் ஏறினர். நாகாலாந்துக்குத் தரை வழியே செல்ல முடியாத மைதேயிகள் விமானத்தையே நம்ப வேண்டியதாயிற்று.

இந்தப் பிளவின் ஆழத்தைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 2025 மார்ச் மாதம் உச்சநீதிமன்ற நீதிபதிகள் குழு ஒன்று நிவாரண முகாம்களைப் பார்வையிட மணிப்பூர் சென்றது. குழுவில் இடம்பெற்றிருந்த மைதேயி சமூகத்தைச் சேர்ந்த நீதிபதி, சுராசாந்த்பூருக்குள் செல்லாமல் பிஷ்ணுபூரோடு நின்றுகொண்டார். அவர் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது அங்குள்ள வழக்குரைஞர் அமைப்பு. நாட்டின் உச்சநீதிமன்ற நீதிபதிக்கே இந்த நிலை என்றால், சாதாரணக் குடிமக்களின் நிலை என்ன?

பேச்சுவார்த்தை நடத்தப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், அது நடத்தப்பட்ட முறைதான் ஆராயத்தக்கது. 2023 ஜூன் 10-ஆம் தேதி ஆளுநர் தலைமையில் 51 உறுப்பினர்கள் கொண்ட அமைதிக் குழுவை மத்திய அரசு அறிவித்தது. முதல்வர், அமைச்சர்கள், எம்.பி.க்கள், கட்சித் தலைவர்கள், கல்வியாளர்கள், கலைஞர்கள் எனப் பட்டியல் நீண்டது. எங்கள் இசைவைப் பெறாமலேயே எங்கள் பெயரைச் சேர்த்துவிட்டனர் என்றனர் குகி பிரதிநிதிகள். அவர்கள் குற்றம்சாட்டி வந்த முதல்வரே உறுப்பினராக இருந்தது அவர்களது மற்றோர் ஆட்சேபம். மைதேயி தரப்பிலும் முக்கிய அமைப்பு ஒன்று விலகி நின்றது. புகழ்பெற்ற நாடக இயக்குநர், மறைந்த ரத்தன் தியாமும் அதில் சேர மறுத்தார். குழு செயல்படத் தொடங்கும் முன்பே முடங்கிவிட்டது.

அடுத்து ஜிரிபாம். 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அண்டை மாநிலமான அஸ்ஸாமின் கச்சார் மாவட்டத்தில், மத்திய ரிசர்வ் போலீஸ் படை வளாகத்தில் மைதேயி, மார் சமூகங்களின் உள்ளூர்ப் பிரதிநிதிகள் அமர்ந்து அமைதி காக்க உடன்பட்டனர். மறுநாளே அங்கு துப்பாக்கிச்சூடும் தீவைப்பும் நடந்தன. மார் சமூகத்தின் உயர் அமைப்பு அந்த உடன்பாட்டை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் பெண்களும் குழந்தைகளும் உள்படப் பலர் கொல்லப்பட்ட கொடூரம் அதே ஜிரிபாம் மாவட்டத்தில்தான் நிகழ்ந்தது.

2025 பிப்ரவரியில் முதல்வர் பிரேன் சிங் பதவி விலகி, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மார்ச் 8 முதல் எல்லாச் சாலைகளிலும் தடையற்ற போக்குவரத்து நடக்க வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சர் உத்தரவிட்டார். நோக்கம் சரியானதே. ஆனால், பாதுகாப்புப் படையினரின் துணையோடு பேருந்து புறப்பட்ட முதல் நாளே காங்போக்பியில் மோதல் மூண்டு, போராட்டக்காரர் ஒருவர் உயிரிழந்தார். ஏப்ரல் 5-ஆம் தேதி இரு சமூகங்களின் குடிமக்கள் அமைப்புகள் உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாட்டில் தில்லியில் ஒரே கூட்டத்தில் பங்கேற்றன. கலவரம் தொடங்கி 23 மாதங்கள் ஆன பிறகு நடந்த அந்தக் கூட்டத்திலும் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. செப்டம்பரில் தேசிய நெடுஞ்சாலை 2-ஐத் திறக்க குகி-ஜோ கவுன்சில் இசைந்துவிட்டதாக அமைச்சகம் அறிவித்தது. அந்த இசைவின் பொருள் என்ன என்பதில் சில நாள்களிலேயே மாறுபட்ட விளக்கங்கள் வந்தன.

இந்த முயற்சிகள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. பேச்சுவார்த்தையை ஒரு நிகழ்ச்சியாக நமது அரசு கருதுகிறது. குழு அறிவிக்கப்படும், கூட்டம் நடக்கும், புகைப்படம் வெளிவரும், உடன்பாடு கையெழுத்தாகும். ஆனால், யார் அழைப்பது, யார் அமர்வது, எதை முதலில் பேசுவது, பேசியதை ஊருக்குச் சென்று யார் விளக்குவது என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை காணப்படுவதில்லை. முறையான பொது உரையாடல் என்பது இந்தக் கேள்விகளில்தான் தொடங்குகிறது.

நமக்குப் பழக்கமான பட்டிமன்றத்தில் இரு அணிகள் உண்டு, கைதட்டல் உண்டு, இறுதியில் நடுவரின் தீர்ப்பு உண்டு. பகைமை மூண்ட சமூகங்களுக்கிடையிலான உரையாடல் இதற்கு நேர் எதிரானது. அதை நெறிப்படுத்துபவர் தீர்ப்பு வழங்கமாட்டார், தீர்வையும் முன்வைக்கமாட்டார். ஒவ்வொருவரும் அச்சமின்றிப் பேசவும், குறுக்கீடின்றிக் கேட்கப்படவும், அங்கே சொன்னது நாளை தனக்கே எதிராகத் திரும்பாமல் இருக்கவும் வகை செய்வதே அவர் பணி. எளிதாகத் தோன்றும் இந்தப் பணிக்குப் பயிற்சியும், பொறுமையும், எல்லாவற்றுக்கும் மேலாக இரு தரப்பின் நம்பிக்கையும் வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மகாராஷ்டிரத்தின் விசைத்தறி நகரான பிவண்டி 1970-இலும் 1984-இலும் மதக் கலவரங்களில் எரிந்த ஊர். 1988-இல் அங்கு பொறுப்பேற்ற காவல்துறை அதிகாரி சுரேஷ் கோப்டே, பகுதிதோறும் இந்துக்களும் முஸ்லிம்களும் சம எண்ணிக்கையில் இடம்பெற்ற மொஹல்லா குழுக்களை அமைத்தார். அவை கலவரம் வந்த பிறகு கூடிய குழுக்கள் அல்ல. தண்ணீர், சாக்கடை, திருவிழா ஊர்வலம் என அன்றாடப் பிரச்னைகளுக்காகத் தொடர்ந்து கூடியவை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அருகிலுள்ள மும்பையில் சுமார் 900 பேர் கொல்லப்பட்டபோது, பிவண்டி அமைதியாக இருந்தது.

பிவண்டியில் இரு சமூகத்தாரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர். மணிப்பூரில் அவர்கள் பிரிந்துவிட்டனர். எனவே, பிரிந்து கிடந்த சமூகங்களின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். வட அயர்லாந்தில் அரசியல் பேச்சு முடங்கியிருந்த 1992-இல், குடிமக்கள் முயற்சியாகவே ஒரு விசாரணைக் குழு அமைந்தது. நார்வே நாட்டுச் சட்டப் பேராசிரியர் டோர்கெல் ஓப்சால் அதற்குத் தலைமை ஏற்றார். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என இரு தரப்பிலிருந்தும் சுமார் 3,000 பேர் பங்களித்த 500-க்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்தன. பல ஊர்களில் பொது அமர்வுகள் நடந்தன. 1993-இல் அறிக்கை வெளியானது. 1998-இன் அமைதி உடன்பாட்டுக்கு அந்த அறிக்கைதான் காரணம் என்பது மிகையாகும். ஆனால், தலைவர்கள் பேசாத காலத்தில் மக்கள் பேச முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

மணிப்பூரின் அண்டை வீட்டிலேயே ஒரு சான்று உண்டு. ஆயுதக் குழுக்களுக்கிடையிலான சகோதரக் கொலைகளால் நாகா சமூகம் பல்லாண்டுகள் துன்புற்றது. 2008-இல் உருவான நாகா நல்லிணக்க மன்றம், எதிரெதிர்க் குழுக்களின் பிரதிநிதிகளைத் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் மீண்டும் மீண்டும் சந்திக்கச் செய்தது. அவர்களைக் கலந்து கால்பந்து ஆடவும் வைத்தது. 2009 ஜூனில் முக்கியத் தலைவர்கள் நல்லிணக்க உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். நாகா அரசியல் ஒற்றுமை அதனால் வந்துவிடவில்லை. ஆயினும் கொலைகள் பெருமளவு குறைந்தன. அங்கு திருச்சபை பாலமாக அமைந்தது. மணிப்பூரில் அதுவே வழியாகாது. குகிகள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், மைதேயிகளில் பெரும்பாலோர் இந்துக்கள். அங்கே பாலத்தை வேறு பொருளால்தான் கட்ட வேண்டும்.

நீதி கிடைக்கும் முன் உரையாடல் எதற்கு என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2023 மே 4-ஆம் தேதி பெண்கள் ஆடை களையப்பட்டு இழுத்துச் செல்லப்பட்ட காட்சி ஜூலையில் வெளிவந்தபோது நாடே தலைகுனிந்தது. அந்தக் குற்றத்துக்கும் இரு தரப்பிலும் நடந்த கொலைகளுக்கும் சட்டப்படியான தண்டனைதான் பதில். உரையாடல் அதற்கு மாற்றாகாது, பொதுமன்னிப்புக்குப் போர்வையாகவும் கூடாது. ஆனால், சாட்சி சொல்ல எல்லை தாண்டி வர முடியாத மாநிலத்தில் நீதிமன்றமும் முழுமையாக இயங்க முடியாது. நீதிக்குச் செல்லும் சாலையும் பேச்சின் மூலமே திறக்க வேண்டியிருக்கிறது.

எதை முதலில் பேசுவது என்பதே தலையாய கேள்வி. குகி-ஜோ அமைப்புகள் தனி நிர்வாகம் கேட்கின்றன. மாநிலத்தின் எல்லையில் ஓர் அங்குலமும் பிரியக் கூடாது என்கின்றன மைதேயி அமைப்புகள். அதன் பின்னே நில அச்சம் இருக்கிறது. பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கேயான பள்ளத்தாக்கில் மக்கள்தொகையின் பெரும்பகுதி வாழ்கிறது. 60 பேரவைத் தொகுதிகளில் 40 அங்குள்ளன. மலை நிலத்தை இழப்போம் என்ற அச்சம் ஒருபுறம், பள்ளத்தாக்கில் முடங்கிப்போவோம் என்ற அச்சம் மறுபுறம். பழங்குடி அந்தஸ்துப் பிரச்னை அந்த அச்சத்தில் விழுந்த தீப்பொறி. அது தொடர்பான 2023 மார்ச் மாத உத்தரவின் சர்ச்சைக்குரிய பத்தியை 2024 பிப்ரவரியில் உயர்நீதிமன்றமே நீக்கியது. அதற்குள் ஊர்கள் எரிந்து முடிந்திருந்தன. இந்தப் பெரிய கேள்விகளை முதல் நாளே மேசையில் வைத்தால் இரண்டாம் நாள் மேசையே இருக்காது.

சிறியவற்றில் தொடங்கினால் பலன் உண்டு என்பதற்கு மணிப்பூரிலேயே சான்று இருக்கிறது. கலவரத்தில் இறந்த பலரின் உடல்கள் ஏழு மாதங்களாகப் பிணவறைகளில் கிடந்தன. நல்லடக்கம் செய்யும் இடமே சர்ச்சையாகியிருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கீதா மித்தல் தலைமையில் உச்சநீதிமன்றம் அமைத்த மூன்று பெண் நீதிபதிகள் குழு இதை எடுத்துக்கொண்டது. நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 டிசம்பரில் இம்பாலில் இருந்த குகி உடல்கள் விமானத்தில் கொண்டுவரப்பட்டு, சுராசாந்த்பூரில் ஒரே நாளில் 87 பேர் அடக்கம் செய்யப்பட்டனர். இரு தரப்பும் சந்தேகிக்காத மூன்றாம் தரப்பு, வரையறுத்த ஒரு பிரச்னை, மனிதநேயத்தின் அடிப்படை ஆகிய மூன்றும் சேர்ந்ததால் நடந்த காரியம் அது. காணாமல் போனோரைத் தேடுவது, நோயாளிகளுக்குப் பாதுகாப்பான வழி, மாணவர்களின் சான்றிதழ்கள், கைவிட்டு வந்த நிலத்தின் ஆவணங்கள் ஆகியவற்றுக்கும் அதே முறை பொருந்தும்.

இதற்கு மத்திய அரசு செய்ய வேண்டியவை பெரிதல்ல. கட்சி சாராத, மணிப்பூருக்கு வெளியிலிருந்து வரும், இரு தரப்பும் பெயர் பெயராக ஏற்கும் சிறு குழு ஒன்று வேண்டும். அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் உறுதியான காலமும் நிதியும் வேண்டும். நாகர்களும் பிற சிறு சமூகங்களும் பார்வையாளர்களாக அன்றிப் பங்காளர்களாக அமர வேண்டும். ஆயுதக் குழுக்களின் குரலுக்கு அஞ்சி மௌனமாக இருக்கும் பெண்கள், வணிகர்கள், ஆசிரியர்கள் பேச இடம் வேண்டும். உள்ளூரில் எட்டும் இசைவுக்கு மேலமைப்புகளின் ஒப்புதலை முன்பே பெற வேண்டும். ஜிரிபாம் கற்பித்த பாடம் அது.

தொடங்குவதற்கு உகந்த இடம் தில்லியே. இரு சமூக மாணவர்களும் ஒரே பல்கலைக்கழக வளாகங்களில் படிக்கும் நகரம் இது. வாடகை வீட்டிலும் வீதியிலும் இருவரும் ஒரே ஏளனத்தை எதிர்கொள்ளும் நகரமும் இதுவே.

தமிழர்களுக்கு இதில் அக்கறை இல்லை என்று எண்ண வேண்டாம். 1962-க்குப் பிறகு பர்மாவிலிருந்து வெளியேற நேர்ந்த தமிழர்களில் ஒரு பகுதியினர் எல்லை நகரான மோரேயில் குடியேறி, கோயிலும் சங்கமும் கண்டனர். மைதேயி, குகி, நாகர், நேபாளி என எல்லோரோடும் வணிகம் செய்து வாழ்ந்த அவர்களும் 2023 கலவரத்தின் வெப்பத்துக்குத் தப்பவில்லை. இரு பெரும் சமூகங்கள் பேசாதுபோனால் இடையில் வாழும் சிறு சமூகங்களே முதலில் நசுங்கும்.

படைகளால் இரு தரப்பையும் விலக்கி வைக்க முடியும், சேர்த்து வைக்க முடியாது. விலக்கி வைப்பதையே அமைதி என்று எண்ணி நாள்களைக் கடத்தினால், பக்கத்து ஊர்க்காரரின் முகத்தையே பார்த்திராத ஒரு தலைமுறை இரு பக்கமும் வளர்ந்துவிடும். அந்தத் தலைமுறையைப் பேசவைப்பது இன்றைய பணியைவிடப் பன்மடங்கு கடினமாக இருக்கும்.