ஒருசந்தியும் ஒரு கலயம் கஞ்சியும்



திருநீற்றுப் புதன் நெருங்கும்போதெல்லாம் பங்கு இல்லத்து வாசலில் ஒரே வினா நம்மை எதிர்கொள்ளும்: "சாமி, ஒருசந்தி எத்தனை நாள்?" இரண்டு நாள் என்போம். கேட்டவர் இளைஞராயின் முகத்தில் நிம்மதி தெரியும். முதியவராயின், "எங்கள் பெற்றோர் காலத்தில் நாற்பது நாளல்லவா!" என்ற பெருமூச்சு வரும்.

முதியவர் கூறுவது மெய்யே. 1917ஆம் ஆண்டில் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஞாயிறு நீங்கலாகத் தவக்கால நாள்களை ஒருசந்தி நாள்களாகவே விதித்திருந்தது. 1966 பிப்ரவரி 17 அன்று திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், தவமுயற்சி குறித்து வெளியிட்ட சாசனத்தின் வழியாக, அக்கடமையைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாள்களுக்குக் குறைத்தார். 1983ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பும் அவ்வாறே கூறுகிறது. 14 வயது நிறைந்தவர்க்குச் சுத்தபோசனம். 18 வயது நிறைந்தது முதல் 59 வயது நிறையும் வரை ஒருசந்தி.

அந்த 1966ஆம் ஆண்டுச் சாசனத்தில் பலரும் கவனியாத பகுதி ஒன்றுண்டு. வளம் மிகுந்த நாட்டினர் தன்னொறுத்தலை மேற்கொண்டு, வறுமையிலும் பசியிலும் வாடும் சகோதரர்க்கு உதவ வேண்டும். வறுமையில் உழல்வோரோ தாம் படும் பாட்டையே செபத்தில் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கலாம், அவர்களுக்கு நீதி கிட்டவும் பாடுபட வேண்டும் என்பது அதன் கருத்து. நாடுகளைக் குறித்துச் சொல்லப்பட்ட இது, ஒரே பங்கிலும் ஒரே தெருவிலும் பொருந்தும் என்பதை நாம் குருமடத்தில் கற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் கற்றோம்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. இளங்குருவாய், சூடு தணியாத பேச்சோடு, வறண்ட பகுதிப் பங்கொன்றில் பணியாற்றி வந்தோம். தவக்கால முதல் ஞாயிறன்று, சட்டம் இரண்டு நாள் என்றாலும் உண்மைக் கிறிஸ்தவன் வெள்ளிதோறும் ஒருசந்தி இருப்பான் என்று முழங்கினோம். யாருக்கு எது இயலும் என்று ஒரு வார்த்தையும் சொன்னோமில்லை. கடினமாக உடலுழைப்போருக்கு ஒருசந்தியிலிருந்து விலக்குண்டு என்பதை ஒழுக்கவியல் வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தோம். பிரசங்க மேடையில் அது நினைவுக்கு வரவில்லை.

அந்த வெள்ளியன்று மாலை சிலுவைப்பாதை. பன்னிரண்டாம் தலத்தில் எல்லாரும் முழந்தாளிட்டபோது, பின்வரிசையில் ஒரு பெண் சரிந்து விழுந்தார். செங்கற்சூளையில் கல் சுமப்பவர். விடியற்காலையிலிருந்து வெயிலில் கல் சுமந்துவிட்டு, ஒரு வாய்க் கஞ்சிகூடக் குடியாமல் நேரே கோவிலுக்கு வந்திருக்கிறார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டோம். "சாமிதானே சொன்னீங்க" என்றார், நம்மைத் தேற்றுபவர்போல. வெளியே வந்தபோது நம் முதிய உபதேசியார் மெல்லச் சொன்னார்: "சாமி, அந்த அம்மாவுக்கு வருசத்துல பாதி நாள் ஒருசந்திதான்."

கதை அதோடு முடியவில்லை. அன்றிரவு வசதியான குடும்பமொன்று நம்மை உணவுக்கு அழைத்திருந்தது. மீன் குழம்பு, மீன் வறுவல், இறால் தொக்கு, பாயசம். இறைச்சி இல்லை, ஆகவே சுத்தபோசனம் கெடவில்லை. பகலெல்லாம் உண்ணவில்லை, ஆகவே ஒருசந்தியும் கெடவில்லை. சட்டப்படி நம்மீது குற்றமில்லை. ஆனால் தொண்டையில் உணவு இறங்கவில்லை. அந்த வீட்டு அம்மாள் பிற்பகல் முழுதும் அடுப்படியில் நின்று இவற்றைச் சமைத்திருந்தார். அவரும் ஒருசந்தி இருந்தவரே. சிலுவைப்பாதைக்கு வர மட்டும் அவருக்கு நேரமில்லை.

இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட 'மேய்ப்பர்' என்னும் நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் கொள்க. அன்று உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிடுக. அத்தொகையைக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ வறியவர்க்கோ கொடுக்க. எர்மா என்பவர் எழுதிய அந்நூலைத் தொடக்கத் திருச்சபையில் சிலர் மறைநூலுக்கு நிகராகவே மதித்தனர். அக்கணக்கின்படி பார்த்தால், நம் மீன் விருந்துக்கு நாமல்லவா சூளைத் தொழிலாளிக்குக் கடன்பட்டிருந்தோம்! எசாயா இறைவாக்கினரின் 58ஆம் அதிகாரமும் இக்கணக்கையே கேட்கிறது. நோன்பு நாளிலேயே தம் வேலையாட்களை வாட்டியவர்களை நோக்கித்தான் அவர் அப்படிக் குரலெழுப்பினார்.

செபத்திற்கும் நோன்புக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு சிறு செய்தி. மாற்கு நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், சீடர்களால் ஓட்ட முடியாத பேய் எதனால் வெளியேறும் என்று ஆண்டவர் கூறுமிடத்தில், மிகப் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் செபம் மட்டுமே உள்ளது. 'நோன்பு' என்பது பின்னர் படியெடுத்தோர் சேர்த்ததாயிருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். குருமட நாள்களில் இது நமக்கு அதிர்ச்சியாயிருந்தது. இன்று வேறுவிதமாகத் தோன்றுகிறது. செபம் என்று எழுதியதும் நோன்பு என்று தானாகவே கை எழுதிவிடும் அளவுக்கு, அவ்விரண்டும் அக்கால விசுவாசிகளின் வாழ்வில் இணைந்திருந்தன போலும். அந்தியோக்கியா சபையார் நோன்பிருந்து ஆண்டவரை வழிபட்டுக்கொண்டிருந்தபோதே, பர்னபாவையும் சவுலையும் அனுப்புமாறு தூய ஆவியார் பணித்தார் எனத் திருத்தூதர் பணி கூறுகிறது. நம் காலத்திலும் 2013 செப்டம்பர் 7 அன்று, சிரியா நாட்டில் அமைதி நிலவ, திருத்தந்தை பிரான்சிஸ் உலகத் திருச்சபையை நோன்புக்கும் செபத்துக்கும் ஒருங்கே அழைத்தார். இரவு நான்கு மணி நேரம் புனித பேதுரு சதுக்கத்தில் மக்களோடு செபத்தில் அமர்ந்திருந்தார்.

நம் வீடுகளிலோ, உணவை விட்டுவிடுகிறோம். விட்ட அந்த வேளையைத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் கொடுத்துவிடுகிறோம். பசி மட்டும் மிஞ்சுகிறது; எரிச்சலும் மிஞ்சுகிறது. ஒருசந்தி நாளில் பிள்ளைகள் அதிகம் அடிபடும் வீடுகளும் உண்டென்று அறிவோம். காலைச் சிற்றுண்டியை விட்டால், அந்த அரைமணியில் குடும்பம் கூடியமர்ந்து ஒரு நற்செய்திப் பகுதியை வாசிக்கலாமே. அடுப்பும் அன்று ஒருசந்தி இருக்கட்டும்; வீட்டுத் தாயும் வந்து அமரட்டும். அப்போது வயிறு கூவினால் கூவட்டும். சூளையிலும் வயலிலும் கூவும் வயிறுகளை அவ்வேளையில் பெயர் சொல்லி ஆண்டவரிடம் நினைவூட்டலாம். நோயாளிகளும், கருவுற்ற, பாலூட்டும் தாய்மாரும், வெயிலில் உழைப்போரும் மனச்சங்கடமின்றி உண்ணுங்கள். குரு யாரேனும் வேறுவிதமாக முழங்கினால், அவர் இளையவர் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறு ஞாயிறு, அதே மேடையில் நின்று, சென்ற வாரம் தவறாகப் பேசினோம் என்று அறிக்கையிட்டோம். பலருக்கு மகிழ்ச்சி, ஒருவர் மட்டும் திருப்பலிக்குப் பின் வந்து, சாமியே இப்படித் தளர்த்தலாமா என்று வருந்திச் சென்றார். எஞ்சிய வெள்ளிகளில், ஒருசந்தி இருந்த வீடுகளிலிருந்து விட்ட வேளைக்குரிய அரிசி கோவிலுக்கு வந்தது. நமக்கு விருந்தளித்த வீட்டிலிருந்து முதல் மரக்கால் வந்தது. சிலுவைப்பாதை முடிந்ததும் கோவில் முற்றத்தில் கஞ்சி. சூளையிலிருந்து வந்தவர்கள் முதலில் அமர்ந்தார்கள். நாமும் வரிசையில் கலயத்தோடு அமர்ந்தோம். கஞ்சி ஊற்றியவர் அன்று மயங்கி விழுந்த அதே பெண்மணி. பகலில் உண்டீர்களா என்று கேட்டோம். உண்டேன் என்று தலையசைத்துவிட்டு, நம் கலயத்தில் ஒரு அகப்பை கூடுதலாகவே ஊற்றினார்.