கண்ணை மூடினால் தியானமா?

பெஹாலாவிலிருந்து சோத்பூர் போய்வர அலுப்புப்பட்டு, புத்தகத்தைப் பார்த்தே இரண்டு வருடம் தியானம் செய்தேன். கண்ட பலன் நல்ல தூக்கம்! பையன் மதிப்பெண் பட்டியலை என்னிடம் காட்டப் பயப்பட்டதுதான் மிச்சம்.

பிறகு சோத்பூர் கங்கைக்கரையிலுள்ள தம்ம கங்கா விபாசனா மையத்தில் பத்து நாள் தங்கினேன். கட்டணமில்லை, பேச்சுமில்லை. மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள், தானாக வருவதைக் கவனியுங்கள் என்றார் ஆசிரியர். இரண்டு வருடத் தவறு ஐந்து நிமிடத்தில் தெரிந்தது.

கோயங்காவுக்கு இதைக் கற்பித்த ஊ பா கின் துறவியல்ல. பர்மாவின் தலைமைக் கணக்காயர். தலைவலி தீர வந்த கோயங்காவை, அதற்காக மட்டுமென்றால் வேண்டாமென்று முதலில் மறுத்தவர்.

பாட்டுக்கு வாத்தியார் தேடும் நாம், தியானத்துக்குக் கைபேசி போதுமென்கிறோமே! என் கோபம் போகவில்லை. கத்துமுன் ஒரு மூச்சு அவகாசம் கிடைக்கிறது. பூஜை விடுமுறையில் ஊருக்கு டிக்கெட் கிடைக்காதவர்களாவது யோசிக்கலாம்.